விண்டோஸ் 11க்கு மாறினோம், வீட்டில் ஆளுக்கொரு பேச்சு

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்காக மறுநாள் காலையில் கணினி எழுந்திருக்காது என்றெல்லாம் இல்லை, வழக்கம்போல ஓடும். ஆனால் பாதுகாப்பு அப்டேட் வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதும் கணக்கு வழக்கு ஃபைல்களை வைத்திருப்பதும் சரியாகப் படவில்லை. அதனால் வீட்டில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக விண்டோஸ் 11க்கு மாற்றும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். நிறுவுவதற்கு வழி சொல்லும் குறிப்புகள் ஏராளமாக இருக்கின்றன. நிறுவி முடித்த பிறகு கணினியில் உட்காரும் ஆட்கள் என்ன சொல்வார்கள், அதில் எதைச் சரிசெய்ய முடியும், எதற்கு வழியே கிடையாது என்பதை யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை. இந்தப் பதிவில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

இருந்தவை: அண்ணன் கணக்கு எழுதும் டெஸ்க்டாப், அம்மாவின் லேப்டாப், அண்ணன் மகள் கல்லூரிக்குக் கொண்டுபோகும் லேப்டாப், அப்புறம் யாருக்கும் சொந்தமில்லாமல் அலமாரியில் கிடக்கும் ஒரு பழைய லேப்டாப்.

டெஸ்க்டாப்பில்தான் நிஜமான வேலை

அம்மாவின் லேப்டாப்பும் அண்ணன் மகளுடையதும் பிசி ஹெல்த் செக் (கணினியில் விண்டோஸ் 11 ஓடுமா என்று பார்த்துச் சொல்லும் மைக்ரோசாஃப்ட் கருவி) சோதனையில் சிக்கலில்லாமல் தேறிவிட்டன. டெஸ்க்டாப்புக்கு மட்டும் டிபிஎம் 2.0 இல்லை, செக்யூர் பூட் இல்லை என்று சிவப்புக் குறி வந்தது. அதைப் பார்த்தவுடன் புதுக் கணினிக்கு விலை விசாரிக்கப் போகிறவர்கள் பலர், கொஞ்சம் பொறுங்கள். டிபிஎம் என்பது மறைகுறியாக்கச் சாவிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பகுதி. தனிச் சிப்பாக இல்லாவிட்டாலும், விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் பிராசசர்களில் (இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து) அதே வேலையை ஃபர்ம்வேர் மூலம் செய்யும் வசதி உள்ளேயே இருக்கிறது. பயோஸில் (கணினி எழும்போது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அணைத்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். இன்டெல் போர்டுகளில் அதற்குப் பிடிடி என்று பெயர், ஏஎம்டியில் எஃப்டிபிஎம். பிடிடியை ஆன் செய்து விண்டோஸுக்குத் திரும்பியதும் பாதிச் சிவப்பு போய்விட்டது.

இங்கே ஒரு விஷயம். டிஸ்க்கை மறைகுறியாக்கி வைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ ஆனில் இருக்கும் கணினி என்றால் பயோஸில் கை வைக்கும் முன் அதைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, ரெக்கவரி கீயை வேறு எங்காவது எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் உள்ளே போக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை பூட் ஆகும்போது 48 இலக்க எண்ணைக் கேட்டுக்கொண்டு நிற்கும், உங்களிடம் அது இருக்காது.

செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டுமே பூட் ஆக விடும் பாதுகாப்பு) அவ்வளவு சுலபமாக வரவில்லை. அந்த டெஸ்க்டாப்பில் யார் முதலில் விண்டோஸ் போட்டார்களோ, பழைய லெகசி முறையில் போட்டிருந்தார்கள். ஹார்ட்வேர் யூஇஎஃப்ஐ (பயோஸின் புதிய வடிவம்), டிஸ்க் மட்டும் எம்பிஆர் (பார்ட்டிஷன்களைக் குறித்து வைக்கும் பழைய முறை, புதியது ஜிபிடி). சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து பயோஸ் மோட் என்ற வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும், லெகசி என்று இருந்தால் இந்தக் கதைதான். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவத் தேவையில்லை. விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கட்டளை இருக்கிறது, டேட்டாவைத் தொடாமல் டிஸ்க்கின் அமைப்பை மட்டும் மாற்றிக் கொடுக்கும். நிபந்தனை என்னவென்றால் டிஸ்க்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டென்டட், லாஜிக்கல் எதுவும் இருக்கக் கூடாது, ஏனென்றால் யூஇஎஃப்ஐக்கான பூட் பார்ட்டிஷனை அது புதிதாக உருவாக்க வேண்டும். முதலில் வேலிடேட் என்ற ஆப்ஷனோடு ஓட்டினால் மாற்ற முடியுமா முடியாதா என்று மட்டும் பார்த்துச் சொல்லும், டிஸ்க்கில் எதையும் எழுதாது. அது சரி என்று சொன்ன பிறகு கன்வெர்ட். டேட்டாவைத் தொடாது என்று நம்பி பேக்கப் எடுக்காமல் ஓட்டாதீர்கள். கணக்கு ஃபைல்கள் மொத்தத்தையும் வெளி டிஸ்க்கில் ஏற்றி, அண்ணனிடம் திறந்து காட்டி, அவர் தலையாட்டிய பிறகுதான் நான் என்டர் தட்டினேன்.

வரிசை முக்கியம். முதலில் டிஸ்க்கை மாற்ற வேண்டும், அதற்குப் பிறகு பயோஸில் சிஎஸ்எம் (பழைய லெகசி முறையில் பூட் ஆக விடும் வசதி) என்பதை அணைத்து, செக்யூர் பூட்டை ஆன் செய்ய வேண்டும். சிஎஸ்எம்மை முதலிலேயே அணைத்துவிட்டால் பழைய எம்பிஆர் டிஸ்க்கிலிருந்து பூட் ஆகாது. பதற வேண்டாம், மறுபடி ஆன் செய்தால் வந்துவிடும்.

ஏஎம்டி போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சில ரைசன் கணினிகளில் எஃப்டிபிஎம் ஆனில் இருக்கும்போது அவ்வப்போது கணினி ஒரு கணம் திக்கித் திணறும் பிரச்சினை இருப்பதை 2022இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு பயோஸ் அப்டேட் மூலம் தீர்வு கொடுத்தது. அதனால் பயோஸை முதலில் புதுப்பித்துவிடுங்கள்.

நிறுவுவது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இன்ஸ்டலேஷன் அசிஸ்டென்ட் ஓடியது, சில முறை ரீஸ்டார்ட் ஆனது, முடிந்தது. புதிதாக நிறுவாமல் பழையதன் மேலேயே அப்கிரேட் செய்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஹோம் பதிப்பைப் புதிதாக நிறுவினால் மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும், அப்கிரேடில் ஏற்கனவே இருக்கும் லோக்கல் கணக்கு அப்படியே தொடரும். அம்மாவிடம் புதிதாக ஒரு பாஸ்வேர்டைக் கொடுத்து ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

இன்னொன்று, பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்ப 10 நாள்தான் அவகாசம். விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்ம் என்ற கட்டளையில் அதை 60 நாள் வரை நீட்டிக்கலாம், ஆனால் அந்தப் 10 நாள் முடிவதற்குள் செய்துவிட வேண்டும். "பிடிக்கலைன்னா பழசுக்கே போயிடலாம்" என்று அண்ணனுக்கு வாக்குக் கொடுத்துத்தான் வேலையைத் தொடங்கினேன் என்பதால் அவருடைய கணினியில் முதல் வேலையாக அதைச் செய்தேன்.

"எங்கடா போச்சு என் பேலன்ஸ் ஷீட்டு?"

அண்ணன் வேலை செய்யும் விதம் இப்படி: எக்செல் ஃபைல்கள் வரிசையாகத் திறந்திருக்கும், நடுவில் கணக்கு மென்பொருள், ஒன்றிரண்டு பிடிஎஃப். விண்டோஸ் 10இல் டாஸ்க்பாரை மேலே வைத்து, ஒவ்வொரு ஃபைலும் பெயரோடு தனிப் பட்டையாகத் தெரியும்படி அமைத்திருந்தார். கண் மேலே போகும், பெயரைப் பார்க்கும், கை கிளிக் செய்யும். அப்கிரேட் முடிந்ததும் டாஸ்க்பார் கீழே இறங்கி, எல்லா எக்செல் ஃபைல்களும் ஒரே பச்சைச் சின்னத்துக்குள் அடங்கிவிட்டன. எந்த ஃபைல் வேண்டுமானாலும் முதலில் அந்தச் சின்னத்தின் மேல் மவுஸை வைத்து, சின்னச் சின்னப் படங்களாக மேலே எழும்பும் வரை காத்திருந்து, ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும் கட்டங்களில் சரியானதைத் தேட வேண்டும். "எங்கடா போச்சு என் பேலன்ஸ் ஷீட்டு?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

இதில் பாதிக்கு மருந்து இருக்கிறது. விண்டோஸ் 11 2021 அக்டோபர் 5ஆம் தேதி வெளிவந்தபோது பட்டைகளைப் பெயரோடு பிரித்து வைக்கும் வசதி அடியோடு இல்லை. அதற்கு வந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல, 2023இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், டாஸ்க்பார், டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் என்று போனால் பட்டன்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற ஆப்ஷன் இருக்கும், அதில் நெவர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே இடத்தில் அலைன்மென்டை இடப்பக்கத்துக்கு மாற்றிவிடலாம்.

டாஸ்க்பாரை மேலே ஏற்றுவதற்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. விண்டோஸ் 95இலிருந்து நான்கு ஓரத்தில் எங்கு வேண்டுமானாலும் இழுத்து வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. 11இல் டாஸ்க்பாரையே புதிதாக எழுதினார்கள், இதன் தோற்றம் பெரும்பாலும் விண்டோஸ் 10எக்ஸ் என்று 2021இல் கைவிடப்பட்ட ஒரு திட்டத்திலிருந்து வந்தது. புதிதாக எழுதும்போது பழைய வசதிகள் ஒவ்வொன்றையும் மறுபடி செய்து சேர்க்க வேண்டும், சேர்க்காதது இல்லாமல் போகும். ஃபைலை இழுத்து டாஸ்க்பார் சின்னத்தின் மேல் போடுவது, ரைட் கிளிக்கில் டாஸ்க் மேனேஜர் வருவது எல்லாம் முதல் பதிப்பில் காணாமல் போய் 22எச்2இல் (2022இன் இரண்டாம் பாதியில் வந்த பதிப்பு) திரும்பி வந்தவை. மேலே ஏற்றுவது நான் நிறுவிய 25எச்2இலும் இல்லை. முதல் பதிப்பில் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) வழியாக ஏற்றும் தந்திரம் ஒன்று இருந்தது, 22எச்2 வந்ததும் அதுவும் வேலை செய்யவில்லை. எக்ஸ்ப்ளோரர்பேட்சர், ஸ்டார்ட்ஆல்பேக் போன்ற வெளிக் கருவிகள் பழைய டாஸ்க்பாரைக் கொண்டுவரும், சொந்தக் கணினி என்றால் போட்டுப் பார்த்திருப்பேன். ஆனால் அவை விண்டோஸின் உள் பகுதிகளைப் பிடித்துத் தொங்குபவை, பெரிய அப்டேட் வரும்போது உடைவதுண்டு. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நேரத்தில் டாஸ்க்பார் காணோம் என்று ஃபோன் வருவதை நான் விரும்பவில்லை.

டாஸ்க்பார் ஒரு பக்கம் என்றால் ரைட் கிளிக் மெனு இன்னொரு பக்கம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் இந்த மறுவடிவமைப்பின் நல்லதும் கெட்டதும் இந்த ஒரு மெனுவிலேயே இருக்கிறது. விண்டோஸ் 10இல் ஒரு ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்தால் சில கணினிகளில் திரையின் பாதி உயரத்துக்கு மெனு வரும். நிறுவிய ஒவ்வொரு மென்பொருளும் தன் பங்குக்கு ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கும், திறக்கவும் நேரம் எடுக்கும். அதைச் சீர்செய்ய வேண்டும் என்று நினைத்ததில் தவறில்லை. புது மெனு குட்டியாக, இடைவெளி விட்டு, அழகாக இருக்கிறது. பழைய முறையில் எழுதிய மென்பொருள்களின் வரிகளெல்லாம் ஷோ மோர் ஆப்ஷன்ஸ் என்பதற்குப் பின்னால் போய்விட்டன. யாருக்கு அந்த வரிகள் தேவையில்லையோ அவர்களுக்கு லாபம், தினமும் அதில் ஒன்றைத் தொடுபவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு கிளிக் கூடுதல்.

அதுகூடப் பரவாயில்லை. கட், காப்பி, பேஸ்ட், ரீநேம், டெலீட் ஆகியவை வரிகளாக இல்லாமல் சின்னங்களாக ஒரு வரிசையில் நிற்கின்றன. ஆரம்பத்தில் வெறும் சின்னம்தான், எது கட், எது காப்பி என்று உற்றுப் பார்க்க வேண்டும். 24எச்2இல் அவற்றின் கீழ் பெயரும் வந்துவிட்டது. சிக்கல் அதில் இல்லை, அந்த வரிசை எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதில்தான். திரையின் மேல் பகுதியில் இருக்கும் ஃபைலில் ரைட் கிளிக் செய்தால் வரிசை மெனுவின் தலையில் இருக்கும். திரையின் அடியில் இருக்கும் ஃபைலில் செய்தால் மெனு மேல்நோக்கித் திறக்கும், அப்போது வரிசை மெனுவின் காலடிக்கு வந்துவிடும். மவுஸ் முனைக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்ற யோசனை. கணக்குப்படி சரிதான், கை நகரும் தூரம் குறைகிறது. ஆனால் தினமும் நூறு ஃபைலைப் பெயர் மாற்றும் மனிதர் தூரத்தைப் பார்ப்பதில்லை, "மூணாவது வரி" என்று கண்ணை மூடிக்கொண்டு போவார். அண்ணன் நாள் முழுக்க மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை என்று தேடிக்கொண்டிருந்தார்.

ரெஜிஸ்ட்ரியில் ஒரு கீயைச் சேர்த்துப் பழைய மெனுவை நிரந்தரமாகக் கொண்டுவரலாம், நான் சேர்க்கவில்லை. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய மெனு நேராக வந்துவிடும் என்பதையும், பெயர் மாற்ற எஃப்2 போதும் என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். "எஃப்2 விண்டோஸ் 10லயும் இருந்துச்சா?" என்று கேட்டார். 95லேயே இருந்தது அண்ணே என்றேன், ஒன்றும் பேசவில்லை.

அம்மாவும் இடது மூலையும்

அம்மா கணினியில் செய்வது சொற்பம்: ஃபோட்டோ பார்ப்பது, வீடியோ காலில் பேசுவது, பாட்டுக் கேட்பது. அவரிடமிருந்து புகாரே வராது என்று நினைத்திருந்தேன். அவர் மவுஸை இடது கீழ் மூலைக்குக் கொண்டுபோய்க் கிளிக் செய்வார், எதைச் செய்வதானாலும் அங்கிருந்துதான் ஆரம்பம். விண்டோஸ் 11இல் ஸ்டார்ட் பட்டன் நடுவுக்கு நகர்ந்துவிட்டது, இடது மூலையில் இப்போது வானிலைக் குறியோடு விட்ஜெட்ஸ் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் மவுஸ் பட்டாலே போதும், திரையின் இடப்பக்கத்தில் செய்தித் தலைப்புகள் நிறைந்த ஒரு பெரிய பலகை திறந்துகொள்ளும்.

"செய்தி பாக்கவா இதத் தொறந்தேன்? ஃபோட்டோ எங்கப்பா?"

மூலைக்கு ஒரு தனி மதிப்பு இருக்கிறது. குறி சிறியதாகவும் தூரமாகவும் இருந்தால் அதை எட்ட நேரம் கூடும் என்று பால் ஃபிட்ஸ் 1954இல் சொன்ன விதி இடைமுகம் வடிவமைக்கும் எல்லோருக்கும் பாலபாடம். திரையின் மூலை என்பது எவ்வளவு வேகமாக மவுஸைத் தள்ளினாலும் தாண்டிப் போக முடியாத குறி, பார்க்காமலேயே போய்ச் சேரலாம். நடுவில் இருக்கும் பட்டனுக்கு அந்த வசதி இல்லை, பார்த்து நிறுத்த வேண்டும். அதோடு இன்னொரு தொல்லை, நடுவில் இருக்கும்போது ஸ்டார்ட் பட்டன் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. இன்னும் இரண்டு ஆப் திறந்தால் வரிசை நீளும், நீளும்போது மொத்தமும் நடுவில் நிற்க வேண்டும் என்பதால் ஸ்டார்ட் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிப் போகும். மிக அகலமான மானிட்டர் வைத்திருப்பவர்கள் நடுவில் இருப்பதைப் பாராட்டுகிறார்கள், அவர்களுக்குக் கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை. அம்மாவுடையது 14 அங்குல லேப்டாப்.

அலைன்மென்டை இடப்பக்கம் மாற்றினேன், விட்ஜெட்ஸை டாஸ்க்பார் செட்டிங்ஸிலேயே அணைத்தேன். ஸ்டார்ட் மெனுவில் அவருக்கு வேண்டியவற்றை மட்டும் முதல் வரிசையில் பின் செய்துவிட்டு மற்றவற்றை எடுத்துவிட்டேன். அக்ஸசிபிலிட்டியில் டெக்ஸ்ட் சைஸ் என்பதைக் கூட்டினால் படங்கள் அப்படியே இருக்க எழுத்து மட்டும் பெரிதாகும், அதையும் செய்தேன். ஒலியைக் கூட்டக் குறைக்க ஸ்பீக்கர் சின்னத்தைக் கிளிக் செய்தால் வைஃபை, ப்ளூடூத், பிரைட்னஸ் எல்லாம் சேர்ந்து ஒரே பலகையாக வருகிறது, முன்பு தனித்தனியாக இருந்தது. அம்மாவுக்கு அது குழப்பம். ஸ்பீக்கர் சின்னத்தின் மேல் மவுஸை வைத்து அதன் சக்கரத்தை உருட்டினாலே ஒலி கூடும் குறையும் என்று காட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது. விண்டோஸ் 11இல் அம்மாவுக்குப் பிடித்தது இந்த ஒன்றுதான், அதைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லோருக்கும் காட்டினார்.

"பழசு மாதிரி ஆக்கிடாதீங்க சித்தப்பா"

அண்ணன் மகளுடைய லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அலைன்மென்ட், ரைட் கிளிக் என்று அதே பட்டியலை ஓட்டப் போனேன். "பழசு மாதிரி ஆக்கிடாதீங்க சித்தப்பா, எனக்கு இப்படியே நல்லாருக்கு" என்றாள். அவள் வேலை செய்வதை அருகிலிருந்து பார்த்தேன். ஸ்டார்ட் பட்டனை அவள் தொடுவதே இல்லை. விண்டோஸ் கீயைத் தட்டி இரண்டு எழுத்து அடித்தால் வேண்டிய ஆப் வந்துவிடுகிறது, ஆகவே அது நடுவில் இருந்தால் என்ன, கூரையில் இருந்தால் என்ன. ஜன்னலின் மேக்சிமைஸ் பட்டன் மேல் மவுஸை வைத்தால் வரும் ஸ்னாப் லேஅவுட் கட்டங்களில் பாடக் குறிப்பு ஒரு பக்கம், வீடியோ ஒரு பக்கம், எழுதும் ஃபைல் ஒரு பக்கம் என்று அடுக்கிவிடுகிறாள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 22எச்2க்குப் பிறகு வந்த டேப், எழுதியதை மூடினாலும் மறக்காத நோட்பேட், பேசுவதைத் திரையில் எழுத்தாகக் காட்டும் லைவ் கேப்ஷன்ஸ் எல்லாம் அவளுக்குத் தினசரிப் புழக்கம். லைவ் கேப்ஷன்ஸ் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, கணினிக்குள்ளேயே நடக்கிறது, ஆங்கில விரிவுரைகளுக்கு உபயோகம்.

அவளுக்கும் ஒரு குறை இருந்தது. வகுப்பில் லேப்டாப்பைப் பெரிய திரையோடு இணைத்துவிட்டு ஸ்டார்ட் மெனுவைத் திறந்தால் ரெக்கமண்டட் பகுதியில் கடைசியாகத் திறந்த ஃபைல்களின் பெயரெல்லாம் எல்லோருக்கும் தெரிகிறது. பர்சனலைசேஷன், ஸ்டார்ட் பக்கத்தில் அதை அணைக்கலாம். ஆனால் அதே சுவிட்ச் ஜம்ப் லிஸ்டையும் சேர்த்து அணைத்துவிடும், அதாவது டாஸ்க்பாரில் எக்செல் சின்னத்தை ரைட் கிளிக் செய்தால் வரும் சமீபத்திய ஃபைல் பட்டியலும் போய்விடும். அவள் அதை உபயோகிப்பதில்லை, அணைத்தேன். அண்ணனுக்கு அது உயிர் போன்றது, அவர் கணினியில் தொடவில்லை.

என் பங்குக்கு

நான் நாள் முழுக்க உபயோகிப்பது அலுவலகக் கணினி, அது ஏற்கனவே 11தான். எனக்கு வளைந்த மூலையும் புது ஐகானும் நல்லதாகவும் படவில்லை, கெட்டதாகவும் படவில்லை. எரிச்சல் ஒன்று உண்டு: ஜன்னல்கள் எல்லாம் ஒரே வெளிர் நிறத்தில் இருப்பதால் இரண்டு மானிட்டரில் எது இப்போது செயலில் இருக்கிறது என்று தெரிவதில்லை, ஒன்றில் பார்த்துக்கொண்டு இன்னொன்றில் தட்டச்சு செய்ய நேர்கிறது. கலர்ஸ் பக்கத்தின் கீழே டைட்டில் பாருக்கும் விளிம்புக்கும் நிறம் காட்டு என்ற சுவிட்ச் இருக்கிறது, அதை ஆன் செய்து ஓர் அடர்நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லாக் கணினியிலும் நான் செய்த ஒரே பொதுவான மாற்றம் இது, அண்ணன் மகள்கூட ஆட்சேபிக்கவில்லை.

தமிழில் படிக்கிறவர்கள் கவனித்திருக்கலாம், ஆங்கில எழுத்துருவை மட்டும் 11இல் புதுப்பித்தார்கள், தமிழுக்கு விண்டோஸ் 8 காலத்து நிர்மலாவே தொடர்கிறது. தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் அப்கிரேடில் அப்படியே வந்தன, விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் அழுத்தினால் மாறுவதும் பழையபடியே.

டெஸ்க்டாப்பில் மட்டும் இன்னொரு பின்கதை. விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் என்ற பகுதியில் மெமரி இன்டெக்ரிட்டி (விண்டோஸின் உள் பகுதிகளில் தீய நிரல் நுழையாமல் காக்கும் வசதி) அணைந்து கிடந்தது, ஆன் செய்ய விடவில்லை. பொருந்தாத டிரைவர்களைக் காட்டு என்பதைத் தட்டினால் ஃபைல் பெயரோடு காட்டும். பல வருடத்துக்கு முன்பு வாங்கிய யூஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்றின் டிரைவர் அது, டாங்கிளைத் தூக்கிப்போட்டு எவ்வளவோ நாளாகியும் டிரைவர் மட்டும் தங்கியிருந்தது. டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொல்லி, டிரைவரையும் சேர்த்து அழித்ததும் சுவிட்ச் வேலை செய்தது. புதுத் தோற்றத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு நடக்கிறது, மாறியதற்கு உண்மையான காரணமாகச் சொல்லத்தக்கது இந்த மாதிரி உள்ளே இருக்கும் பாதுகாப்புதான். அது யார் கண்ணிலும் படாது.

சலசலப்பு புதிதில்லை. 2012இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டது, அடுத்த வருடமே 8.1இல் பட்டன் திரும்பியது, 2015இல் விண்டோஸ் 10 மெனுவையும் திருப்பிக் கொடுத்தது. இப்போது 11இலும் எடுத்தவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள், 2025 கடைசியிலிருந்து வரத் தொடங்கிய புது ஸ்டார்ட் மெனுவில் எல்லா ஆப்களையும் முதல் பக்கத்திலேயே உருட்டிப் பார்க்கலாம். வீட்டில் மூன்று பேரின் புகாரையும் வைத்துப் பார்த்தால் புதிதாகச் சேர்த்ததைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, விட்ஜெட்ஸ் ஒன்றைத் தவிர. தோற்றமும் இரண்டாம் நாளே கண்ணுக்குப் பழகிவிட்டது. கோபமெல்லாம் முன்பு தாங்களாக அமைத்துக்கொண்டிருந்த ஒன்றை இனி அமைத்துக்கொள்ள முடியாது என்று ஆனதில்தான். டாஸ்க்பாரை மேலே வைப்பவர்கள் குறைவான பேர் என்பது உண்மையாகவே இருக்கலாம். அந்தக் குறைவான பேரில் ஒருவர் எனக்கு அண்ணனாக இருக்கிறார். மற்றவர்களுக்காக இயல்பு அமைப்பை மாற்றட்டும், பழைய சுவிட்சை எங்கேயாவது மூலையில் விட்டுவைத்திருந்தால் என்ன குறைந்துவிடும் என்பது என் கேள்வி.

அலமாரி லேப்டாப் பற்றிச் சொல்லவில்லையே. 6ஆம் தலைமுறை இன்டெல், விண்டோஸ் 11இன் பட்டியலில் கிடையாது. சோதனையை ஏமாற்றி நிறுவும் வழிகள் உண்டு, ஆனால் அப்படி நிறுவிய கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள், அப்புறம் எதற்கு? அதில் விண்டோஸ் 10 22எச்2 இருந்ததால் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்த்தேன், செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் பணம் கட்ட வேண்டியதில்லை, 2026 அக்டோபர் 13 வரை ஓடும். அதற்குப் பிறகு லினக்ஸ் மின்ட் போடும் எண்ணம். யூஎஸ்பியிலிருந்து ஓட்டிப் பார்த்ததில் வைஃபை, ஒலி, டச்பேட் எல்லாம் வருகிறது, ஸ்கேனரை மட்டும் இன்னும் இணைத்துப் பார்க்கவில்லை. அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார், அதில் பேனலை மேலே ஏற்றலாம் என்று தெரிந்ததும் என் டெஸ்க்டாப்பிலும் இதையே போடேன் என்கிறார். அவருடைய கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.